டயாலிசிஸுக்குப் போற அம்மாவுக்கு வீல்-ட்ரான்ஸ் கிடைக்குமோ?

ரொறன்ரோவின்ர ஸ்காபரோவில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. அம்மாவுக்கு 69 வயசு, சலரோகத்தால சிறுநீரகம் பழுதாகி இப்ப கிழமைக்கு மூண்டு நாள் டயாலிசிஸ், வீட்டுக்குள்ளயும் வெளியிலயும் வோக்கர் பிடிச்சுத்தான் நடை. "காலமை நான் வேலைக்குப் போற வழியில இறக்கி விடுறன், திரும்பி வரேக்க ஊபர் பிடிக்க வேண்டிக்கிடக்கு, மாசம் முடியப் பாத்தா கையைக் கடிக்குது. வீல்-ட்ரான்ஸ் கேப்பம் எண்டால் அது வீல்சேர் ஆக்களுக்கு மட்டும்தான் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லினம், அம்மாவும் எனக்கு நடக்க ஏலும்தானே, உதெல்லாம் என்னத்துக்கு எண்டுறா. கிடைக்குமோ? எப்பிடிக் கேக்கிறது?" இதுதான் கேள்வி. வீல்-ட்ரான்ஸ் எண்டது, ரொறன்ரோவில பஸ், சப்வே ஓட்டுற ரி.ரி.சி, சாதாரண பஸ்ஸில போக ஏலாத ஆக்களை வாசல்ல வந்து ஏத்திக்கொண்டு போக வைச்சிருக்கிற வண்டிச் சேவை.

தங்கச்சி, உங்கட அம்மா கட்டாயம் கேக்க வேண்டிய ஆள். கிடைக்கும் எண்டுதான் நானும் நினைக்கிறன், ஆனா ஃபோர்மில எப்பிடி எழுதிக் கேக்கிறீங்கள் எண்டதிலதான் பாதி விசயம் கிடக்கு. நான் கன வருசமா எங்கட வயசுபோன ஆக்களுக்கு இந்த ஃபோர்ம் நிரப்பிக் குடுத்துக்கொண்டு வாறன், தகுதி இருந்தும் கிடைக்காமல் போன ஆக்கள் கனபேர், அதில முக்கால்வாசிப் பேர் "நான் சமாளிப்பன்" எண்டு தாங்களே சொல்லிக் கெடுத்த ஆக்கள்.

முதல்ல அந்த வீல்சேர் கதையை விடுங்கோ. பேரில வீல் இருக்கிறதால எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். ஒன்ராறியோவில மாற்றுத்திறன் உள்ள ஆக்களுக்கு எண்டு 2005இல ஒரு சட்டம் வந்தது, அதுக்குக் கீழ 2011இல வந்த விதிகள்தான் இந்த மாதிரி சேவைகளை எப்பிடி நடத்தோணும் எண்டு சொல்லுது. அதில என்ன வருத்தம், என்ன சாமான் பாவிக்கிறீங்கள் எண்டது முக்கியமில்லை, சாதாரண பஸ்ஸில, சப்வேயில உங்களால போக ஏலுமோ இல்லையோ எண்டதுதான் கேள்வி. மூண்டு வகையாப் பிரிச்சிருக்கினம். எப்பவுமே ஏலாது எண்ட ஆக்கள் ஒரு வகை, இடுப்பு முறிஞ்சு ஆறு மாசம் கிடக்கிற மாதிரி தற்காலிகமா ஏலாத ஆக்கள் இன்னொரு வகை, மூண்டாவது, சில நேரம் ஏலும் சில நேரம் ஏலாது எண்ட ஆக்கள். இந்த மூண்டாவதைத்தான் எங்கட சனத்துக்குத் தெரியாது.

உங்கட அம்மாவை எடுங்கோ. காலமை வோக்கரோட லொபிக்கு வருவா, கார்ல ஏறுவா. நாலு மணித்தியாலம் மெசின்ல இருந்து ரத்தம் சுத்தமாகி, உடம்பில நிண்ட தண்ணியையும் இழுத்து எடுத்த பிறகு எழும்பேக்க அவ வேற ஆள். பிரஷர் விழுந்து தலை சுத்தும், கால் கெண்டை பிடிச்சு இழுக்கும், அந்த நேரம் பஸ் ஸ்டொப் மட்டும் நடக்கச் சொன்னால் நடுவழியில இருந்திடுவா. ஒரே ஆள், ஒரே நாள், காலமை ஏலும், பின்னேரம் ஏலாது. அதே மாதிரி யூலையில ஏலும், பெப்ரவரியில ஏலாது.

பெப்ரவரி எண்டேக்க ஒண்டு சொல்லோணும். ரி.ரி.சி பஸ் எல்லாத்திலயும் இப்ப ரேம்ப் இருக்கு, படி ஏறத் தேவையில்லை, அது நல்ல விசயம். ஆனா பஸ்ஸுக்குள்ள ஏறுறது கடைசி வேலைதானே, அதுக்கு முன்னம் பஸ் ஸ்டொப்புக்குப் போய்ச் சேரோணுமே. ஒருக்கா ஒரு ஐயாவோட அவற்ற பில்டிங் வாசல்ல இருந்து ஸ்டொப் மட்டும் நடந்து பாத்தன். எனக்கு மூண்டு நிமிசம், அவருக்கு பதினெட்டு. சைட்வோக் வழிச்சிருந்தது, ஆனா ரோட்டு வழிச்ச வண்டி ஒதுக்கித் தள்ளின ஸ்நோ ஸ்டொப்புக்கு முன்னால முழங்கால் உயரத்துக்கு வரம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. வோக்கரின்ர முன் சில்லை அதுக்கு மேல தூக்கி வைக்க மூண்டு தரம் பாத்தார், மூண்டு தரமும் சில்லு வழுக்கித் திரும்பி வந்தது. பஸ் வந்தது, ரேம்பும் இறங்கினது, அவரால அதுக்குக் கிட்டப் போகேலாமல் போச்சு. ஸ்காபரோ மாதிரி ரோட்டெல்லாம் அகண்டு, ஸ்டொப்புக்கு ஸ்டொப் தூரமா இருக்கிற இடத்தில வயசுபோன ஆக்கள் மாட்டுப்படுறது இந்த இடத்திலதான். 2023 யூலையில பழைய ஸ்காபரோ ஆர்.ரி ரயில் தடம் புரண்டு, அதோட ஒரேயடியா நிண்டு போனதில அந்தப் பாதையை நம்பியிருந்த ஆக்களுக்கு பஸ்தான் வழி எண்டும் ஆகிட்டுது.

வாசலுக்கு வண்டி வாறதின்ர அருமை இதுதான். பாதை எண்டு ஒண்டு முதலே கீறி வைக்கிறேல்ல, ஆர் ஆர் எங்க இருந்து எங்க எத்தனை மணிக்குப் போகோணும் எண்டு கேட்டு, அதை வைச்சு கொம்பியூட்டர் அண்டையப் பாதையை கீறுது. வீல்-ட்ரான்ஸ் ரொறன்ரோவில 1975இல தொடங்கினது, இது ஒண்டும் நேற்று வந்த ஆப் இல்லை.

இப்ப ஃபோர்முக்கு வருவம். ஒரு பகுதி நீங்கள் நிரப்பிறது, இன்னொரு பகுதி அம்மாவைப் பாக்கிற சுகாதாரத் தொழில் செய்யிற ஆள் நிரப்பிறது, ஆர் ஆர் கையெழுத்து வைக்கலாம் எண்டு ஃபோர்மிலயே இருக்கு. இதுக்கு ரி.ரி.சிக்கு ஒரு காசும் கட்டத் தேவையில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, வருத்தத்தின்ர பேரை மட்டும் எழுதிப்போட்டு விடாமல் அந்த வருத்தம் அம்மாவை என்ன செய்ய விடுதில்லை எண்டு எழுதிறது. "சலரோகம், கிட்னி ஃபெயிலியர்" எண்டு எழுதினால் வாசிக்கிற ஆளுக்கு ஒரு படமும் வராது. "டயாலிசிஸ் முடிஞ்ச பிறகு 40 அடி நடந்தால் இருக்கோணும், நிண்டுகொண்டு அஞ்சு நிமிசத்துக்கு மேல பஸ் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது, போன மாசம் ரெண்டு தரம் தலை சுத்தி விழப் பாத்தவ, காலில உணர்ச்சி குறைவு எண்டபடியால் ஐஸில கால் வைச்சால் தெரியாது" எண்டு எழுதினால் வரும். உண்மையைத்தான் எழுதோணும், கூட்டி எழுதக் கூடாது, ஆனா நல்லா இருக்கிற நாளை எழுதாமல் ஏலாமல் கிடக்கிற நாளை எழுதுங்கோ.

அம்மாவோட கதைக்கிறதும் உங்கட வேலைதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு மாமா, ரெண்டு முழங்காலும் தேஞ்சு போன மனுசன், ஒரு கிளினிக்கில "பஸ் ஸ்டொப்புக்கு நடப்பீங்களோ" எண்டு கேட்க "ஓம் ஓம், நல்லா நடப்பன்" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டார். அவையும் அப்பிடியே எழுதிப்போட்டினம். கேட்டால், வெள்ளைக்காரப் பிள்ளைக்கு முன்னால ஏலாது எண்டு சொல்ல ஒரு மாதிரி இருந்தது எண்டார். எனக்கு நெஞ்சு நோகும் உதைக் கேக்க. சண்டைக்குள்ளயும் இடப்பெயர்வுக்குள்ளயும் நடையா நடந்து வந்த சனம், ஏலாது எண்டு ஒரு சொல்லு சொல்லுறது அவைக்கு லேசில்லை. அதால அப்பொயின்ட்மென்ட்டுக்குக் கூடப் போங்கோ, பக்கத்தில இருந்து "அம்மா, போன செவ்வாய்க்கிழமை வந்து எப்பிடிக் கிடந்தனீங்கள் எண்டதைச் சொல்லுங்கோ" எண்டு எடுத்துக் குடுங்கோ.

கிடைச்ச பிறகு, ஏழு நாளைக்கு முன்னமே புக் பண்ணலாம், போகப்போற நேரத்துக்கு நாலு மணித்தியாலம் முந்தி மட்டும் கேக்கலாம், போன்லயும் செய்யலாம், ஒன்லைன்லயும் செய்யலாம். ஆனா டயாலிசிஸ் ஒவ்வொரு கிழமையும் அதே நாள், அதே நேரம் எண்டபடியால் ஒவ்வொரு தரமும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு இருக்காமல் நிரந்தரமா ஒரு புக்கிங் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கோ. போற நேரம் சொல்லேக்க வீட்டில இருந்து வெளிக்கிடுற நேரத்தைச் சொல்லாமல் அங்க போய்ச் சேர வேண்டிய நேரத்தைச் சொல்லுங்கோ. வாற நேரத்திலதான் கனபேர் பிழை விடுறது. மெசின் ஒரு மணிக்கு நிக்கும் எண்டால் ஒரு மணிக்கு வண்டி கேக்கினம். ஊசி எடுத்து, கையில ரத்தம் நிக்கும் மட்டும் பத்துப் பதினைஞ்சு நிமிசம் அழுத்திப் பிடிச்சு, நிறை பாத்து, பிரஷர் பாத்து, ஜக்கெட் போட்டு வெளிய வர முக்கால் மணித்தியாலம் போயிடும், பிரஷர் விழுந்திருந்தால் அதுக்கு மேல. ஒரு மணிக்கு வந்த வண்டி போயிடும், அம்மா லொபியில இருப்பா. அதால ரெண்டு மணிக்குப் போடுங்கோ, பையுக்க அவவுக்கு ஒத்துக்கொள்ளுற ஏதும் சாப்பாடு வைச்சு விடுங்கோ.

வாசலுக்கு வண்டி எண்டால் எட்டாம் மாடி யூனிட் கதவுக்கு எண்டு நினைச்சுப் போடாதேங்கோ, பில்டிங்கின்ர வாசல் மட்டும்தான். உங்கட பில்டிங்குக்கு ரெண்டு மூண்டு வாசல் இருந்தால் எது எண்டு வடிவாச் சொல்லுங்கோ, பின்பக்கம் பார்க்கிங் வாசல்ல அம்மா நிக்க முன்பக்கம் வண்டி நிண்டுபோட்டுப் போன கதை எத்தினை. ட்ரைவர் கன நேரம் காத்திருக்க மாட்டார், சொன்ன நேரத்துக்கு முந்தியே கீழ இறங்கி இருக்கோணும். எப்பவும் பெரிய பஸ்தான் வரும் எண்டில்லை, சில நாள் ரக்சி வரும், அம்மா பயப்படாமல் ஏறுறதுக்கு முதலே சொல்லி வையுங்கோ. உள்ளுக்க வேற ஆக்களும் இருப்பினம், அவையை இறக்கிப்போட்டுச் சுத்திக்கொண்டு வரும், நேராப் போற ஊபர் மாதிரி இருக்காது. போறேல்ல எண்டால் நேரத்தோட கான்சல் பண்ணுங்கோ, வண்டியை வரப் பண்ணிப்போட்டு ஏறாமல் விட்டால் அம்மாவின்ர கணக்கில பதிஞ்சிடும், அது இன்னொரு ஆளின்ர இடமும்தானே.

காசு சாதாரண பஸ் காசுதான். சட்டப்படி இந்தச் சேவைக்கு சாதாரண பஸ்ஸை விடக் கூட எடுக்கேலாது. 65க்கு மேல எண்டபடியால் பஸ் காசு கட்டுற பிரெஸ்டோ கார்டில சீனியர் எண்டு போட்டு வையுங்கோ, ஒரு பயணம் 2.25 டொலர் அளவில வரும். அம்மாவுக்குத் துணை ஆள் இல்லாமல் போகேலாது எண்டால் அதையும் ஃபோர்மில கேளுங்கோ, அப்பிடி ஏத்துக்கொண்டால் கூட வாற துணை ஆளுக்குக் காசு இல்லை.

இன்னொண்டு, அம்மா "உதெல்லாம் என்னத்துக்கு" எண்டவ எல்லோ, டயாலிசிஸுக்கு மட்டும் எண்டு நினைச்சுத்தான் சொல்லியிருப்பா. கோயிலுக்கும் கேக்கலாம், கலியாண வீட்டுக்கும் கேக்கலாம், சும்மா ஒரு சிநேகிதியைப் பாக்கவும் கேக்கலாம். ஒரு ஆள் இத்தினை பயணம்தான் கேக்கலாம் எண்டு கட்டுப்பாடு போடக் கூடாது எண்டு அந்த விதிகளில இருக்கு. இது சின்ன விசயமில்லை. இஞ்ச வடக்கால இன்னிஸ்ஃபில் எண்டு ஒரு ஊர், 2017இல பஸ் விடுறதுக்குப் பதிலா ஊர்ச்சனம் எல்லாருக்கும் ஊபர் காசில ஒரு பங்கு நாங்கள் போடுறம் எண்டு தொடங்கிச்சினம். சனம் விரும்பி ஏற ஏற செலவு ஏறிச்சுது, ஏன் எண்டால் பஸ்ஸில இன்னும் பத்துப் பேர் ஏறினால் செலவு பெரிசாக் கூடாது, ஊபரில ஒவ்வொரு ஆளுக்கும் கூடும். 2019இல காசையும் கூட்டி மாசம் 30 பயணம்தான் எண்டும் போட்டிட்டினம். கூப்பிட்டால் வாற வண்டி எண்டு எங்க கேட்டாலும், சனம் கூடினால் என்ன செய்வினம் எண்டு நான் முதல் கேக்கிறது அதால.

ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போறது எண்டால் ரொறன்ரோ எல்லை தாண்டோணும், ஒரே வண்டியில போகேலாமல் எல்லைக்குக் கிட்ட இறங்கி யோர்க் பகுதியின்ர மொபிலிட்டி ஒன்-ரிக்வெஸ்டுக்கு மாற வேண்டி வரலாம். ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒழுங்கு செய்து தரோணும் எண்டு விதி இருக்கு, அதால ரெண்டு போன் நீங்கள் அடிச்சு அலையாமல் புக் பண்ணேக்கயே கேளுங்கோ. ஏஜக்ஸ் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அது டூரம் (Durham) பகுதி, அங்க ஒன்-டிமாண்ட் எண்டு சாதாரண சனமும் கூப்பிடுற மாதிரி வைச்சிருக்கினம். அம்மாவுக்கு முதல் ரெண்டு மூண்டு தரம் இப்பிடி மாறுறது வேண்டாம், டயாலிசிஸ் பயணம் பழகட்டும்.

முழு ஃபோர்மும் குடுத்து 14 நாளைக்குள்ள முடிவு வரேல்லை எண்டால், முடிவு வரும் மட்டும் அம்மாவைத் தற்காலிகத் தகுதி உள்ள ஆளா எடுக்கோணும், கூப்பிட்டு அதைச் சொல்லிக் கேளுங்கோ. இல்லை எண்டு வந்தால் அப்பீல் இருக்கு, விட்டுப்போடாதேங்கோ, முதல்தரம் மறுத்து அப்பீலில கிடைச்ச ஆக்கள் எனக்குத் தெரிஞ்சே இருக்கினம். நேர வரச் சொல்லி நடக்கவிட்டுப் பாக்கவும் கூடும், அதுக்கு டயாலிசிஸ் முடிஞ்ச அடுத்த நாள் நல்லா இருக்கிற நேரத்தில கொண்டு போனால், டயாலிசிஸ் முடிஞ்ச உடன எப்பிடி இருக்கும் எண்டதை வாயால விளங்கப்படுத்துங்கோ. இங்கிலீசு கஷ்டம் எண்டால் 211க்கு அடிச்சுத் தமிழ் வேணும் எண்டு சொல்லுங்கோ, உதவி செய்யிற இடம் பாத்துச் சொல்லுவினம்.

ஃபோர்மில சுகாதாரத் தொழில் செய்யிற ஆள் நிரப்பிற பகுதிக்கு குடும்ப டொக்டரிட்ட ஓடாதேங்கோ, அவர் அம்மாவைப் பாக்கிறது மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, அதுவும் கதிரையில இருக்கிற அம்மாவை. டயாலிசிஸ் யூனிட்டில நர்ஸ் இருக்கிறா, சோஷல் வேர்க்கர் இருக்கிறா, அவைதான் மெசினை விட்டு எழும்பிற அம்மாவை ஒவ்வொரு கிழமையும் பாக்கிற ஆக்கள். அடுத்த முறை ஒரு நாள் லீவு எடுத்து நீங்களும் அந்த நேரம் அங்க நில்லுங்கோ. அம்மா எழும்பி வாசல் மட்டும் வர எத்தினை தரம் நிக்கிறா, எதைப் பிடிக்கிறா, எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு போன்ல குறிச்சுக்கொண்டு, அந்தக் குறிப்பையும் ஃபோர்மையும் சேர்த்து, அவையில கையெழுத்து வைக்கக் கூடிய ஆளின்ர கையில குடுங்கோ.