வரலாறு: வாசகர் கேள்விகள்

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். முப்பதாண்டுப் போரை (1618–1648) மதப் போர் என்று ஒரு தாளில் படிக்கிறோம். ஆனால் கத்தோலிக்க பிரான்ஸ், லுத்தரன் சுவீடனுக்குப் பணம் கொடுத்தது என்றும் அதே பாடத்தில் வருகிறது. இன்னொரு தாளில் அதே காலத்தை ‘இராணுவப் புரட்சி’ என்கிறார்கள். எதைப் பிடித்துக்கொண்டு படிப்பது?
வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: போர் ஏன் தொடங்கியது என்பது ஒரு கேள்வி, முப்பது ஆண்டுகள் ஏன் ஓயவில்லை என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை பெரும்பாலும் மதத்தில் இருக்கிறது; இரண்டாவதற்கான விடையைப் படைகளின் சம்பளக் கணக்கில் தேட வேண்டும்.

மன்னன் எவ்வழி மக்கள் அவ்வழி என்பதை 1555-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை ஏறக்குறைய சட்டமாகவே ஆக்கியது. ஜெர்மானியச் சிற்றரசர் ஒவ்வொருவரும் கத்தோலிக்கம், லுத்தரன் மரபு ஆகிய இரண்டில் ஒன்றைத் தம் நாட்டுக்குத் தேர்ந்துகொள்ளலாம். சீர்திருத்தச் சபையின் இன்னொரு கிளையான கால்வின் வழியினருக்கு அதில் இடமே இல்லை. பொகீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) சீர்திருத்தச் சபையினரின் தேவாலயங்கள் மூடப்பட்டபோது மூண்ட கோபம், 1618 மே 23 அன்று புனித ரோமப் பேரரசரின் பிரதிநிதிகளைப் பிராகா அரண்மனைச் சன்னல் வழியாகத் தூக்கி வீசும் அளவுக்குப் போனது. மதம் வெறும் சாக்கு என்று சொல்பவர்கள், பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் 1629-இல் இட்ட ஆணையைப் பார்க்க வேண்டும். 1552-க்குப் பிறகு கைமாறிய திருச்சபைச் சொத்துகள் அனைத்தையும் திருப்பித் தரச் சொன்ன அந்த ஆணை, அதுவரை ஒதுங்கியிருந்த லுத்தரன் அரசர்களையும் அவருக்கு எதிராகத் திருப்பியது. லாப நட்டம் மட்டும் பார்ப்பவர் அப்படி ஓர் ஆணையில் கையெழுத்திட மாட்டார்.

பிரான்சின் கர்தினால் ரிஷெல்யூ 1631-இல் சுவீடனுக்குப் பணம் தர ஒப்பந்தம் செய்தது உண்மைதான். தம் நாட்டைச் சுற்றி பேரரசரின் ஹாப்ஸ்பர்க் வம்சம் வளர்வதை அவர் அஞ்சினார். ஆனால் அரசர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போர் விளங்காது. பீட்டர் ஹாகன்டார்ஃப் என்ற சாதாரணப் படைவீரரின் நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. 1631-இல் மாக்டபர்க் நகரைத் தாக்கிய கத்தோலிக்கப் படையில் இருந்த அவர் இரண்டு குண்டுகள் பட்டு விழுந்தார். நகரம் எரிந்துகொண்டிருக்கும்போதே அவருடைய மனைவி காயத்துக்குக் கட்டத் துணி தேடி உள்ளே போய், மதுவும் துணிமணியும் கொண்டுவந்தார். அந்த நகரில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து சுவீடன் படையிடம் பிடிபட்ட ஹாகன்டார்ஃப், அந்தப் படையிலேயே சேர்ந்தார். 1634-இல் மறுபடியும் பழைய படைக்கே திரும்பினார். கூலிப்படைக்குச் சம்பள பாக்கி வைத்துவிட்டு அதைக் கலைக்க எந்த அரசராலும் முடியவில்லை. சுவீடன் படையைக் கலைப்பதற்காக மட்டுமே 50 லட்சம் தாலர் (அக்கால வெள்ளி நாணயம்) தருவதாக 1648-இல் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே போரை முடித்த வெஸ்ட்பாலியா உடன்படிக்கையைப் படிக்கும்போது மத விதிகளோடு இந்தத் தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: துப்பாக்கி அதற்கு முன்பே இருந்ததே, பிறகு என்ன ‘இராணுவப் புரட்சி’?
வாசகர், பெரம்பூர்

பதில்: கருவி பழையது, பழக்கம்தான் புதியது. ஒரு முறை சுட்டபின் மறுபடி மருந்து இட்டுத் தயாராக நெடுநேரம் ஆகும். எனவே முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போக, அடுத்த வரிசை முன்னால் வரும் முறையை 1590-களில் நெதர்லாந்தின் நாசோ குடும்பத்தினர் பழைய ரோமானிய நூல்களைப் படித்து வகுத்தார்கள். 1607-இல் வெளியான ஒரு பயிற்சி நூல், துப்பாக்கியைக் கையாளும் அசைவுகளை மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களாகப் பிரித்துக் காட்டியது. ஓயாத பயிற்சிக்கு நிலையான படை வேண்டும், நிலையான படைக்கு நிலையான வரி வேண்டும் என்பதே 1955-இல் வரலாற்றாசிரியர் மைக்கேல் ராபர்ட்ஸ் முன்வைத்த ‘இராணுவப் புரட்சி’ வாதத்தின் சாரம். பின்னர் இன்னொரு வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி பார்க்கர் மதில்களுக்கு முதலிடம் கொடுத்தார். எனக்கு அவர் வாதமே வலுவாகப் படுகிறது. பீரங்கிக்குத் தாங்காத உயரமான பழைய சுவர்களுக்குப் பதிலாகத் தாழ்ந்து தடித்த மதில்களும் கூர்முனைக் கொத்தளங்களும் வந்தபின், ஒரு நகரைப் பிடிக்கவே மாதக்கணக்கில் முற்றுகையிடும் பெரும்படை தேவைப்பட்டது.

கேள்வி: இதற்கும் சென்னைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
வாசகர், அண்ணா நகர்

பதில்: உண்டு. முப்பதாண்டுப் போரில் 1625-இல் இறங்கி மறு ஆண்டே ஜெர்மனியின் லுட்டரில் தோற்ற டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் ஆட்சியில்தான், 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடிக் கோட்டை எழுந்தது. புனித ஜார்ஜ் கோட்டை கட்டத் தொடங்கியதும் அந்தப் போர் நடந்துகொண்டிருந்தபோதுதான். ஆகஸ்டு 15-இல் முதல்வர் கொடியேற்றும் கோட்டைக் கொத்தளத்தைச் செய்தியில் ஆண்டுதோறும் கேட்கிறோம். அந்தக் கொத்தளம் மேலே சொன்ன மதில் கலையின் வாரிசு. தலைமைச் செயலகத்துக்கு வேலையாகப் போனால், மேற்குப் பக்க மதில் எப்படிக் கோணம் கோணமாக மடங்குகிறது என்று நின்று பாருங்கள். மதிலின் அடியில் வந்து ஒளிய எதிரிக்கு மறைவிடமே இல்லாதபடி, ஒரு முனையிலிருந்து மற்ற முனையின் சுவரை நோக்கிச் சுட முடியும்.

துப்பாக்கிப் பயிற்சியின் பலன் இங்கே தெரிய 1746 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த அக்டோபரில் அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட படை, பாரடிஸ் தலைமையில் வந்த சிறு பிரெஞ்சுப் படையைத் தடுத்தது. ஆற்றில் இறங்கி மறுகரை ஏறிய பிரெஞ்சுப் படையினர் வரிசையாக நின்று சுட்டு, துப்பாக்கி முனைக் கத்தியோடு முன்னேற, நவாபின் படை சாந்தோம் பக்கமாகப் பின்வாங்கியது.