சோறு ஏன் ஒட்டுகிறது, ஏன் மணக்கிறது: அரிசி மரபணு கேள்வி பதில்

கே: அதே குக்கர்தான், ஆனால் ஜப்பான் அரிசி ஒட்டுகிறது, நம் அரிசி உதிர்கிறது. தண்ணீர்க் கணக்கா?

ப: தண்ணீரை விட, மாவுச்சத்தின் ஒரு பகுதியான அமைலோஸ்தான் காரணம். மாவுச்சத்தில் அது 25 சதவீதத்தைத் தாண்டினால் சோறு உதிரும், ஆறினால் விறைக்கும். 20–25 என்றால் உதிரியாகவும் மென்மையாகவும் இருக்கும். அதற்குக் கீழே போகப் போகப் பசைதான். இதில் பெரிய பங்கு ஆறாவது குரோமோசோமில் உள்ள வேக்ஸி மரபணுவுக்கு. பெரும்பாலான ஜப்பானிய ரகங்களில் அதன் முதல் இன்ட்ரான் (மரபணுவில் வெட்டி நீக்கப்பட வேண்டிய துண்டு) தொடங்கும் இடத்தில் ஜி இருக்க வேண்டிய டி.என்.ஏ. எழுத்து டி ஆகியிருக்கிறது. அதனால் மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ. சரியாக வெட்டி ஒட்டப்படாமல், அமைலோஸை உருவாக்கும் என்சைம் குறைகிறது, கூடவே அமைலோஸும். ஒரே எழுத்து, அதில் வந்ததுதான் சுஷி! 1966-ல் வந்த ஐ.ஆர்.8 நெல் ரகம் விளைச்சலில் சக்கைப்போடு போட்டும் சோற்றுக்குத் திட்டு வாங்கியதற்கு அதன் அதிக அமைலோஸ் ஒரு காரணம். 1985-ல் ஐ.ஆர்.64 நடுத்தர அமைலோஸோடு வந்தது, மக்களும் விரும்பிச் சாப்பிட்டார்கள்.

அப்புறம், புது அரிசியை வாங்கிப் பொங்கிவிட்டு ரகத்தைத் திட்டாதீர்கள். சில மாதம் கிடக்கட்டும்.

கே: வேக நேரமாவதும் வேக்ஸியாலா?

ப: அதில் முக்கியமானது ஏ.எல்.கே., அதே குரோமோசோமில் இருக்கும் வேறு மரபணு.

கே: சர்க்கரைக்கு எந்த அரிசி நல்லது?

ப: டாக்டரிடம் கேளுங்கள்.

கே: புது அரிசி குழைகிறதே?

ப: மேலே படியுங்கள்.

கே: யூரியா போட்டுப் போட்டுத்தான் சீரகச் சம்பா வாசனையே போச்சு, உண்மையா?

ப: வாசனை என்பது ஒரு மரபணு கெட்டுப்போனதால் கிடைத்த பரிசு. எட்டாவது குரோமோசோமில் பி.ஏ.டி.எச்.2 என்ற அந்த மரபணு வேலை செய்தால் மணம் இல்லை. பாஸ்மதியிலும் தாய்லாந்து மல்லிகை அரிசியிலும் அதில் எட்டு எழுத்து காணாமல் போயிருக்கிறது, அதனால் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற மணப்பொருள் சேர்கிறது. ரம்பை இலையில் மணப்பதும் இதுதான். யூரியா இந்த எழுத்துகளைத் திருத்தாது.

கே (அதே நபர்): என் தாத்தா காலத்தில் தெருவே மணந்ததாம். அந்த மரபணு இப்போது எங்கே போனது?

ப: மரபணு போகவில்லை ஐயா, விதை கலந்திருக்கும். களத்திலும் கதிரடிக்கும் எந்திரத்திலும் கலப்பது சர்வசாதாரணம்.

கே (இன்னொருவர்): அப்படியானால் ஒரே விதை ஊருக்கு ஊர் வேறு மாதிரி மணப்பது ஏன்? மண்ணுக்கும் பங்கு உண்டு என்கிறேன்.

ப: உண்டு, இதை ஒப்புக்கொள்கிறேன். மணி பால் பிடிக்கும்போது குளிர்ச்சி இருந்தால் மணம் கூடும், வெயிலில் காயவைத்தாலும் திறந்து வைத்தாலும் பறந்துவிடும். யூரியாவை மட்டும் குற்றவாளி ஆக்காதீர்கள் என்பதுதான் என் வாதம். சந்தேகம் இருந்தால் வயலிலேயே பாருங்கள்: இலையை நறுக்கி, சோதனைக் குழாயில் 1.7 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து முகருங்கள். அது அரிக்கும் காரக் கரைசல், கையில் படக்கூடாது. மணக்காத செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு விதை எடுங்கள், பிறகு யூரியாவைத் திட்டலாம்.

கே: மணமுள்ள ரகத்தையும் இல்லாததையும் கலப்பினம் செய்தால்?

ப: முதல் தலைமுறைச் செடி மணக்காது. இது ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இருபக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்; அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நாலில் ஒன்று மணக்கும்.

கே: என் புது அரிசி...

ப: சில மாதம் கழித்து வாருங்கள்.