வாசகர் கேள்வி – பதில்: தாழ்ப்பாள் சத்தத்துக்கு நடுங்கும் கை

கேள்வி: எனக்கு 36 வயது. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது ஆசிரியையாக வேலை செய்கிறேன். சிறு வயதில், சம்பள நாளென்றால் அப்பா கசிப்பு குடித்துவிட்டு வந்து எல்லோரையும் அடிப்பார். வரிசை வீடான எங்கள் லயத்துக் கதவின் தாழ்ப்பாள் ஆடும் சத்தம் கேட்டதும் தம்பியை இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடிப் படுத்துக்கொள்வேன். என் கணவர் குடிக்காதவர், அன்பானவர். ஆனாலும் அவர் கதவைச் சற்று வேகமாகச் சாத்தினால் என் கை நடுங்குகிறது. போன மாதம் ஏழு வயது மகன் தேத்தண்ணியைக் கொட்டியபோது அறைந்துவிட்டேன். அவன் முகத்தை மறைத்துக்கொண்ட விதத்தில் என்னையே கண்டேன். அம்மாவோ, "பழசைக் கிளறாதே, வயசான மனுசனை மன்னிச்சிடு" என்கிறார். எனக்கு இது தீருமா? மகனுக்கும் தொடருமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தாழ்ப்பாள் ஆடினால் ஓட வேண்டும் என்பதை உங்கள் உடம்பு சிறு வயதிலேயே கற்றுக்கொண்டது, அன்றைக்கு அது உங்களையும் தம்பியையும் காப்பாற்றவும் செய்தது. ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் மூளையின் பகுதி, யோசித்துத் தீர்மானிக்கும் பகுதியைவிட விரைவாக இயங்குவது. வளரும் வயதில் அடிக்கடி அச்சத்துக்கு உள்ளானால், சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ள அது பழகிவிடுகிறது. கதவைச் சாத்தியவர் கணவர்தான் என்று அறிவுக்கு எட்டுமுன்பே கை நடுங்குவது அதனால்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தீருமா என்று கேட்டீர்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கௌவாயில், கரும்பு, அன்னாசித் தோட்டங்களுக்கு வேலைக்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் வாழ்கிறார்கள் (அந்தக் கதையை மலையகத்தாருக்கு விளக்கத் தேவையில்லை). அங்கே 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் அவர்கள் நாற்பது வயதை எட்டும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, ஓயாத வீட்டுச் சண்டை எனப் பல சுமைகளுக்கு நடுவே வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தடுமாறாமலே ஆளானார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் பாட்டியோ ஆசிரியரோ அயலவரோ, கைவிடாத ஒரு பெரியவர் இருந்தார். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது மற்றவர்களின் கதை. பதின்ம வயதில் இடறி விழுந்தவர்களிலும் பெரும்பாலோர், திரும்பப் படித்ததாலோ நல்ல துணை வாய்த்ததாலோ, நடுவயதுக்குள் எழுந்துவிட்டார்கள். நீங்கள் படித்தும் இருக்கிறீர்கள், நல்ல துணையும் வாய்த்திருக்கிறது. அந்த நாட்களில் உங்களைச் சாப்பிட்டாயா என்று கேட்டவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அம்மாயியோ, பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவோ, யாராவது ஒருவர் நினைவுக்கு வரக்கூடும்.

கணவரிடம் உங்கள் நடுக்கத்தின் காரணத்தைச் சொல்லியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லாவிட்டால், தான் என்ன பிழை செய்தோம் என்று அவரும் குழம்பிக்கொண்டிருப்பார். கதவைத் திறக்குமுன் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். நடுக்கம் தொடங்கும்போது உள்ளங்காலைத் தரையில் அழுத்தி, குளிர்ந்த செம்பு ஒன்றை இரு கையாலும் பிடித்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, இன்று என்ன கிழமை, எந்த வீட்டில் நிற்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் சில தடவை பயனற்றதாகத்தான் தோன்றும்.

மகனுக்குத் தொடருமா என்பதற்கான பதில் பெரும்பாலும் அறைந்த பிறகு நடப்பதில் இருக்கிறது. உங்கள் அப்பா மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காததுபோல, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போயிருப்பார் என்று ஊகிக்கிறேன். நீங்கள் அவன் உயரத்துக்குக் குனிந்து, "அம்மா அடிச்சது பிழை, தேத்தண்ணி கொட்டினது பெரிய விசயமில்ல" என்று சொல்லுங்கள், "ஆனா நீயும்..." என்று மட்டும் தொடர வேண்டாம். ஒரு மாதம் கடந்துவிட்டதே என்று தயங்காதீர்கள், பிள்ளைகளுக்கு அது ஞாபகம் இருக்கும்.

மன்னித்தால்தான் குணமாகும் என்று மருத்துவத்தில் எந்த விதியும் இல்லை. அப்பாவுக்குச் சோறும் மருந்தும் கொடுத்துக்கொண்டே மன்னிக்காமலும் இருக்கலாம். காலம் கடந்து மனம் இளகினால் இளகட்டும். அம்மாவோடு இதற்காக வாதாட வேண்டாம். அடிபட்டவர்களில் அவரும் ஒருவர். கிளறாமல் இருந்ததால்தான் அவரால் மறுநாள் கொழுந்துக் கூடையைத் தூக்க முடிந்திருக்கும்.

தூக்கம் கெட்டாலோ, மறுபடி கை ஓங்கினாலோ, அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக்குப் போங்கள், கட்டணம் இல்லை. இத்தகைய பழைய அதிர்ச்சிகளுக்கென்றே பேச்சுவழிச் சிகிச்சை முறைகள் இருக்கின்றன. உயிரை விடத் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காமல் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள். நம் பகுதியில் தமிழ் தெரிந்த வைத்தியர் எப்போதும் கிடைப்பதில்லை என்பது உண்மைதான். சிங்களம் பேச ஒருவரைத் துணைக்கு அழைப்பதானால் அவர் உறவினராக இல்லாதிருப்பது நல்லது, ஏனெனில் சொந்தக்காரர் முன்னால் அப்பாவைப் பற்றிப் பேச வாய் வராது. அங்கே உட்கார்ந்ததும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், எங்களுக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே எடுத்துக் கொடுங்கள்.