போலராய்டு சாயலில் வளைகாப்புப் படங்கள்: செயலியில் கவனிக்க வேண்டியதும் அச்சில் கவனிக்க வேண்டியதும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தை மாதம் அக்காவுக்கு வளைகாப்பு. அக்காவும் மாமாவும் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் எடுத்துக்கொண்ட அறுபது படங்களைப் பழைய போலராய்டு படம்போல மாற்றி, மண்டபத்தில் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட ஆசை. கைபேசிச் செயலி ஒன்றில் மாற்றி, மாதிரிக்கு நான்கு படங்களைப் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். முகங்கள் செங்கல் நிறமாகிவிட்டன. கீழே இருக்க வேண்டிய அகலமான வெள்ளைப் பட்டையில் பாதியைக் காணோம். எந்தச் செயலியைப் பயன்படுத்தலாம்? எப்படிப் பிரிண்ட் போடச் சொல்ல வேண்டும்?"

நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளும் செயலியை மாற்றினால் மட்டும் தீர்ந்துவிடக்கூடியவை அல்ல. முதலாவது, ஃபில்டரின் அளவு மிகுந்ததால் வந்தது. இரண்டாவது, அச்சிடும் இடத்தில் நேர்ந்தது. அசல் படம் ஏன் அப்படித் தோற்றமளித்தது என்பதைத் தெரிந்துகொண்டால் இரண்டையும் சரிசெய்வது எளிது.

1972இல் போலராய்டு நிறுவனம் கொண்டுவந்த, எடுத்தவுடனே படத்தை வெளியே தள்ளும் எஸ்எக்ஸ்-70 கேமராவில்தான், இன்று நாம் எல்லோரும் அடையாளம் காணும் அந்த வெள்ளைச் சட்டமிட்ட சதுரப் படம் பிறந்தது. கீழ்ப்பட்டை அகலமாக இருப்பது அழகுக்காக அன்று. படத்தை உருத்துலக்கும் (டெவலப் செய்யும்) ரசாயனக் குழம்பு அடைத்த சிறு பை அந்த இடத்தில் இருக்கும். படம் கேமராவை விட்டு வெளியே வரும்போது இரண்டு உருளைகள் அந்தப் பையை நசுக்கி, குழம்பைப் படம் முழுவதும் மெல்லிய படலமாகப் பரப்பிவிடும். அதன்பின் சாயங்கள் அடுக்குகளின் வழியே மேலேறி வந்து உருவமாகின்றன. இப்படி ஏறிவரும் சாயத்தால் முழுக் கருமையையோ முழு வெண்மையையோ எட்ட முடிவதில்லை. ஆகவே கூந்தலின் கருமை சற்று வெளிறியும், வானத்தின் வெண்மை பாலாடைபோலச் சற்று மஞ்சள் படிந்தும் காணப்படும். சூடும் நிறத்தைப் பாதிக்கும். போலராய்டு ஃபிலிமுக்கு ஏற்ற வெப்பநிலை 13 முதல் 28 டிகிரி செல்சியஸ் என்பார்கள். அதற்கு மேல் போனால் மஞ்சளும் சிவப்பும் ஏறும். நம் கரையோரத்துச் சித்திரை வெயிலில் எடுத்த அசல் போலராய்டுகூட அப்படித்தான் வரும்.

பல செயலிகள் தவறு செய்யும் இடம் ஒன்றுண்டு. பழைய படம் என்றாலே புள்ளிப்புள்ளியான துகள், கீறல், காபிக் கறை என்று அள்ளித் தெளித்துவிடுகின்றன. போலராய்டு படம் நெகட்டிவிலிருந்து பெரிதாக்கப்படுவதில்லை. கேமராவுக்குள் பதிந்த அதே அளவில்தான் கைக்கு வருகிறது. ஆதலால் அதில் துகள் கண்ணில் படுவது மிக அரிது; அதன் இயல்பு மென்மைதான். துகள், கீறல் ஆகிய இரண்டையும் முழுவதுமாக அணைத்துவைத்துவிட்டுத் தொடங்குங்கள். இது ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

செயலியைப் பொறுத்தவரை, கூகுளின் ஸ்னாப்சீட் போதும் என்பது என் கருத்து. கட்டணமில்லை, படத்தின்மீது முத்திரை விழாது, ஒவ்வோர் அளவையும் நாமே கூட்டவோ குறைக்கவோ முடியும். அதிலுள்ள கர்வ்ஸ் கருவியில் கோட்டின் இடது அடிமுனையைச் சிறிது மேலே தூக்குங்கள், கருமை வெளிறும். வலது மேல்முனையைச் சிறிது கீழே இறக்குங்கள். வெண்மையின் பளபளப்பு அடங்கும். நிறச் செறிவைக் கொஞ்சம் குறைத்து, ஓரங்களை இலேசாக இருட்டாக்கினால் வேலை முடிந்தது. ஆயத்த ஃபில்டர்களைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் அவற்றின் வலிமையைப் பாதி அளவுக்கும் கீழே வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர் தோல் நிறத்தில் சிவப்பும் மஞ்சளும் முன்பே போதுமான அளவு இருக்கின்றன. அதன்மேல் ஃபில்டர் மேலும் மஞ்சளைப் பூசினால் முகம் செங்கல்லாவதைத் தவிர வேறு வழியில்லை. புதுச்சேரி பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்களுக்கு முன் எடுத்த படங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அந்தப் படங்களுக்கு மட்டும் வெப்பத் தொனியை (வார்ம்த்) கூட்டாமல், சற்றுக் குறைத்தே பாருங்கள்.

அளவு சரியா என்று அறிய நான் பின்பற்றும் சோதனை இது: படத்தைப் பெரிதாக்கி, அக்காவின் நெற்றிக் குங்குமத்தைப் பாருங்கள். குங்குமம் சிவப்பாகவே இருந்து, மாமாவின் வெள்ளை வேட்டி பாலாடை நிறத்துக்கு வந்திருந்தால் அளவு சரி. குங்குமம் பழுப்பாகிவிட்டால் மிகையாகிவிட்டது.

வேறு செயலிகளை நாடினால், படம் எடுக்கும் செயலி உங்கள் இருப்பிடத்தையும் தொடர்பு எண்களையும் கேட்பதற்குக் காரணமே இல்லை என்பதை நினைவில் வையுங்கள், மறுத்துவிடுங்கள். இலவசச் சோதனை என்று தொடங்கி வாரக் கட்டணமாக மாறுபவையும் உண்டு. எதைச் செய்தாலும் அசல் படத்தைத் தனியே ஒரு பிரதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இனி அச்சு. போலராய்டு அட்டையின் முழு அளவு ஏறக்குறைய 88க்கு 107 மில்லிமீட்டர். அதற்குள் இருக்கும் படம் 79க்கு 79. பக்கங்களில் நாலரை மில்லிமீட்டரும், மேலே ஏறக்குறைய 6 மில்லிமீட்டரும், கீழே ஏறக்குறைய 22 மில்லிமீட்டரும் வெள்ளை விடவேண்டும். ஸ்டூடியோக்களில் 4க்கு 6 அங்குலத் தாளில் ஓரம்வரை நிரப்பி அச்சிடுகையில், இயந்திரம் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடும். உங்கள் வெண்பட்டை போனதும் அப்படித்தான். ஆகவே, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில், 1200க்கு 1800 பிக்சல் கொண்ட வெள்ளைப் பின்னணி ஒன்றைத் தயாரித்து, அதன் நடுவில் அட்டையை 1039க்கு 1264 பிக்சலாக வைத்து, சுற்றிலும் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று இட்டுக்கொடுங்கள். அச்சிட்டபின் அந்தக் கோட்டின்மேல் இரும்பு அளவுகோலை வைத்து கட்டரால் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். உள்ளேயிருக்கும் படத்துக்கு ஒரு பக்கம் 933 பிக்சல் இருந்தால் போதும் என்பதால், வாட்ஸ்அப்பில் வந்த படம்கூடப் பெரும்பாலும் தாங்கும். அதிலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டியெடுத்தால்தான் தெளிவு குறையும்.

கிளிப் போடப்போகிறீர்கள் என்பதால் ஒரு சிறு மாற்றத்தைப் பரிந்துரைக்கிறேன். மேலே 6 மில்லிமீட்டர்தான் இருந்தால் கிளிப்பின் வாய் தலைமுடியைக் கவ்விக்கொண்டு நிற்கும். மேற்பட்டையை 12 மில்லிமீட்டராக்கி, அட்டையின் உயரத்தையும் அதற்கேற்பக் கூட்டிவிடுங்கள். அசலிலிருந்து அது விலகல்தான் என்றாலும், தொங்கும்போது யாரும் அதைக் குறையாகக் காணமாட்டார்கள்.

ஸ்டூடியோவில் மறக்காமல் சொல்ல வேண்டிய வாக்கியம்: "கலர் கரெக்‌ஷன் செய்ய வேண்டாம், இருப்பது இருக்கிறபடியே போடுங்கள்." எங்கள் வீட்டு விழா ஒன்றுக்காக மங்கிய தொனியில் நாற்பது படங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்து ஓர் அச்சுக்கடையில் கொடுத்தேன். நான் வெளிறச் செய்திருந்த கருமையெல்லாம் மீண்டும் கருத்து, நிறங்கள் பளிச்சிட்டு வந்தன. மங்கிய படத்தைப் பழுதென்று கருதி இயந்திரம் தானாகவே திருத்திவிட்டது. இரண்டு நாள் உழைப்பு வீணானது. சொல்லாமல் விட்டது என் தவறும்தான்.

தாள் பளபளப்பில்லாத 'மேட்' வகையாக இருக்கட்டும். மண்டபத்து விளக்குகள் அதில் எதிரொளிக்காது. கடற்காற்றின் ஈரத்தில் போட்டோத் தாள் சுருளும் என்பதால், வெட்டியவுடன் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓரிரவு வைத்திருங்கள். கீழ்ப்பட்டையில் ஊரும் தேதியும் எழுத நினைத்தால் பால்பாயிண்ட் பேனா சரிவராது. சி.டி. மார்க்கரால் எழுதி, நன்கு காயவிட்டே அடுக்குங்கள்.

வளைகாப்புக்குமுன் இன்னும் சில படங்கள் எடுக்க வாய்ப்பிருந்தால், சில்வர் பீச்சுக்கு மாலை மூன்றரை மணிக்குமேல் அழைத்துச் செல்லுங்கள். கடல் நமக்குக் கிழக்கே இருப்பதால், காலையில் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் முகம் இருண்டுபோகும். பிற்பகலில் மேற்குச் சூரியன் முகத்தின்மேலேயே விழும். நல்ல ஒளியில் எடுத்த படத்துக்கு ஃபில்டர் மிகக் குறைவாகவே தேவைப்படும்.

அறுபதையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடாதீர்கள். வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, வீட்டுக்குள் எடுத்தது ஒன்று என மூன்றை மட்டும் முதலில் அச்சிட்டு, அவற்றை டியூப்லைட்டின்கீழ் பார்க்காமல், பகலில் வாசல் திண்ணைக்குக் கொண்டுவந்து பாருங்கள். குங்குமச் சோதனையில் மூன்றும் தேறினால் மீதியைக் கொடுக்கலாம்.