சில்லு மாற்றப் போகிறவர்களுக்கு: ஓஃப்செட், அகலம், ஸ்பேசர் பற்றிய கேள்வி பதில்

அலோய் வீல் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வடிவையும் அங்குலத்தையும் மட்டும் பார்த்துக் காசு கொடுத்துவிடுகிறார்கள். பூட்டும்போதுதான் எங்கேயாவது இடிக்கும். யாழ்ப்பாணத்தில் சில்லும் அலைன்மென்டும்தான் என் தொழில். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கணக்குகளை உங்கள் வாகனத்தின் இலக்கங்களைப் போட்டே செய்து பாருங்கள். ஒரே பெயரில் வந்த காரிலும் மொடல் மாறினால் அளவு மாறும்.

கேள்வி (கொக்குவில்): அண்ணை, என்னுடையது வேகன் ஆர், 155/65 ஆர் 14 ரயர். கடையில் 15 அங்குல அலோய் ஒரு செட் பார்த்தேன். உட்பக்கத்தில் 15x6.5ஜே +38 என்று இருக்கிறது. நாலு ஓட்டையும் சரியாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஏன் என்று விளங்கிவிட்டால் இனி எந்த ரிம்மையும் நீங்களே கணக்குப் பார்க்கலாம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

6.5 என்பது ரிம்மின் அகலம், அங்குலத்தில்; ஜே என்பது ரிம் ஓரத்தின் வடிவைக் காட்டும் குறி. ரயரின் இரண்டு ஓரங்களும் உட்காரும் இடங்களுக்கு இடைப்பட்ட தூரம் அது. +38 என்பது ஓஃப்செட். சில ரிம்களில் ஈடி 38 என்று அடித்திருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். அகலத்துக்குச் சரி நடுவே ஒரு கோடு கீறினால், ஹப்பில் (காரில் சில்லைப் பூட்டுகிற நடுப்பகுதி) முட்டுகிற முகம் அந்தக் கோட்டைவிட 38 மில்லிமீற்றர் வெளிப்பக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். இந்த இலக்கம் கூடினால் சில்லு உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும்.

ஆனால் அகலத்தையும் ஓஃப்செட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அகலத்தில் பாதியை மில்லிமீற்றரில் எடுங்கள்; ஒரு அங்குலம் 25.4. அதோடு ஈடியைக் கூட்டினால், ஹப் முகத்திலிருந்து ரிம் எவ்வளவு உள்ளே போகிறது என்று வரும். கழித்தால், எவ்வளவு வெளியே வருகிறது என்று வரும். உங்கள் காரோடு வந்த ரிம் 4.5ஜே, ஈடி 45. பாதி 57. உள்ளே 102, வெளியே 12. கடையில் பார்த்ததில் பாதி 82.5. உள்ளே 120.5, வெளியே 44.5. அதாவது உட்பக்கம் 18 மில்லிமீற்றரும் வெளிப்பக்கம் 32 மில்லிமீற்றரும் கூடுகிறது. உள்ளே ஷொக் அப்சோர்பர் இருக்கிறது, வெளியே மட்காட் இருக்கிறது. வேகன் ஆரின் முழு அகலமே 1475 மில்லிமீற்றர்தான். அந்த மட்காட்டுக்குள் 32 மில்லிமீற்றருக்கு எங்கே போவது?

15 அங்குலம்தான் ஆசை என்றால் 5ஜே, ஈடி 45 தேடுங்கள். இரண்டு பக்கமும் ஆறு ஆறு மில்லிமீற்றர்தான் கூடும். ரயர் 165/55 ஆர் 15 போட்டால் முழு உயரம் 557 இலிருந்து 562 ஆகும். ஒரு வீத வித்தியாசம், வேக மீற்றருக்கு அது ஒன்றுமில்லை. 165/50 போட்டால் 546 ஆகிக் கார் தணிந்துவிடும், எங்கள் ஒழுங்கைகளுக்கு அது சரிவராது. இன்னொன்று: சுசுகியின் ஸ்டட் (நட் ஏறுகிற ஆணி) 12x1.25 புரி, அதாவது 12 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீற்றர். டொயோட்டா, ஹொண்டா நட் 12x1.5. பிடிக்கிற மாதிரித்தான் இருக்கும். ஸ்பானர் வைத்து இறுக்கினால் புரி அழிந்துவிடும்.

கேள்வி (சுன்னாகம்): என்னிடம் இருக்கிற பழைய ஜப்பான் ரிம்மில் திரும்பப் பெயின்ற் அடித்து இலக்கம் எல்லாம் மறைந்துவிட்டது. ஈடி அளக்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ரயரைக் கழற்றிவிட்டு ரிம்மைக் குப்புற வையுங்கள். பின்விளிம்பின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வைத்து, சட்டத்திலிருந்து ஹப் முகம் வரை ஆழத்தை அளவுங்கள். பிறகு விளிம்பிலிருந்து விளிம்பு வரை முழு அகலம். அதில் பாதியை ஆழத்திலிருந்து கழித்தால் ஈடி. ஆழம் 128, முழு அகலம் 178 என்று வைத்தால் 128 இல் 89 போக 39. முழு அகலம், சொல்லப்படும் அகலத்தைவிட ஏறத்தாழ ஒரு அங்குலம் கூடவே இருக்கும். ஆகவே 178 என்பது 7ஜே அல்ல, 6ஜே.

கேள்வி (நெல்லியடி): ஹொண்டா ஃபிட்டுக்கு 15x6.5 பூட்டினேன். முன் சில்லு உட்பக்கம் ஷொக் அப்சோர்பரில் தொடுகிறது. ஒருவர் 5 மில்லிமீற்றர் ஸ்பேசர் போடச் சொல்கிறார், இன்னொருவர் 15 போடு, பார்க்கவும் வடிவாக இருக்கும் என்கிறார். எது சரி அண்ணை?

பதில்: ஸ்பேசர் என்றால் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கிற துண்டு; ஈடியைக் குறைக்கிற வேலைதான் அதற்கு. ஈடி 45 ரிம்முக்கு 5 போட்டால் 40, 15 போட்டால் 30. உள்ளே விடுகிற ஒவ்வொரு மில்லிமீற்றரையும் வெளியே கொடுக்கிறீர்கள். அதனால் உள்ளே எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். வடிவுக்காக மேலே போகாதீர்கள்.

5 என்பது வெறும் தட்டு, பழைய ஸ்டட்டிலேயே செருகிப் பூட்டுவது. இங்கே இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, நட் எத்தனை சுற்றுப் பிடிக்கிறது. ஸ்பேசரோடு சில்லை வைத்து நட்டைக் கையால் முட்டும்வரை ஏற்றுங்கள். பிறகு கழற்றிக்கொண்டே சுற்றுகளை எண்ணுங்கள். 12x1.5 ஸ்டட்டில் ஆகக் குறைந்தது எட்டுச் சுற்று, அதாவது 12 மில்லிமீற்றர் பிடிக்க வேண்டும். 5 மில்லிமீற்றர் தட்டு மூன்று சுற்றுக்கு மேல் தின்றுவிடும். எட்டு வராவிட்டால் நீளமான ஸ்டட் மாற்றாமல் ஓடக்கூடாது.

இரண்டாவது, ஹப்பின் நடுவில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வட்டக் கழுத்து. ஃபிட்டில் அதன் விட்டம் 56.1 மில்லிமீற்றர். சில்லு நடுவில் நேராக உட்கார்வது அதில்தான். தட்டு அந்தக் கழுத்தை மூடிவிட்டால் சில்லை நடுவில் பிடிக்க ஸ்டட்டையும் நட்டையும் தவிர வேறொன்றும் இல்லை. தனக்கென்று கழுத்து வைத்த ஸ்பேசராகப் பார்த்து வாங்குங்கள்.

15 என்பது வேறு சாதி. அது முதலில் ஹப்பில் பூட்டப்படும், அதன் சொந்த ஸ்டட்டில் சில்லு ஏறும். பழைய ஸ்டட்டின் நுனி ஸ்பேசர் முகத்தைத் தாண்டி வந்தால் சில்லு தட்டையாக உட்காராது. இறுக்கமாகத்தான் தெரியும், ஓட ஓட இளகும். முன் சில்லு 15 மில்லிமீற்றர் வெளியே போனால் ஸ்டேரிங்கின் சுபாவமும் மாறும். ஒரு பக்கச் சில்லு குழியில் விழுந்தால் ஸ்டேரிங் கையை இழுக்கும், பெயரிங்குக்கும் சுமை கூடும். உங்களுக்கு 5, எட்டுச் சுற்றுப் பிடித்தால். இடது வலது இரண்டுக்கும் ஒரே அளவு. இரண்டு தட்டை ஒன்றின் மேல் ஒன்று போடுவதும், வாஷர் வைத்து ஈடுகட்டுவதும் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

கேள்வி (சாவகச்சேரி): கேடிஎச் ஹையேஸ் வான். கொழும்புக்கு ஆட்கள் ஏற்றுகிறேன். பின் சில்லு உள்ளே போன மாதிரி இருப்பதால் 30 மில்லிமீற்றர் ஸ்பேசர் போட நினைக்கிறேன். அலோய் போட்டால் 205/65 ஆர் 15 கார் ரயர் மலிவாக வருகிறது, அதைப் போடலாமா?

பதில்: இரண்டுக்கும் இல்லை என்றே சொல்வேன். உங்களை நம்பி ஆட்கள் ஏறுகிற வாகனம் இது.

ரயரில் இருந்து தொடங்குவோம். வானோடு வந்த 195/80 ஆர் 15 இல் 107/105 என்று ஒரு இலக்கம் இருக்கும். 107 என்றால் ஒரு ரயர் 975 கிலோ தாங்கும். நீங்கள் சொல்கிற கார் ரயர் பொதுவாக 94, அதாவது 670 கிலோ. பின்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து 1950 கிலோ தாங்கிய இடத்தில் 1340 கிலோவாகிறது. பொதியோடு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் வெயிலில் மணிக்கணக்காக ஓடும்போது அந்த ரயர் சூடாகி வெடித்தால் அது ரயரின் குற்றம் இல்லை.

ரிம்மும் அப்படித்தான். ஜப்பான் அலோய்களில் ஜேடபிள்யூஎல் என்ற முத்திரை இருக்கும், அது கார்களுக்கானது. வான், லொறிக்கு ஜேடபிள்யூஎல்-டி என்று பார்க்க வேண்டும். பிசிடி, அதாவது ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும், 6x139.7 ஆக இருக்க வேண்டும்; நடு ஓட்டை 106 மில்லிமீற்றர்.

வெளியே கொஞ்சம் வர வேண்டும் என்ற ஆசைக்கு வழி இருக்கிறது. உங்கள் ரிம் 6ஜே, ஈடி 35. ஹையேஸுக்கென்றே 16x6.5ஜே, ஈடி 38 ரிம்கள் வருகின்றன, 215/65 ஆர் 16, 109/107 வான் ரயரோடு. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் வெளியே 3, உள்ளே 9 மில்லிமீற்றர் கூடுகிறது. உயரம் ஒரு வீதம் குறையும். அகலமான ரயர் வருவதால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், ஸ்பேசரே தேவையில்லை.

கேள்வி (மானிப்பாய்): அண்ணா, ஃபிட்டுக்குப் புது அலோய் போட்டதிலிருந்து 70, 80இல் ஸ்டேரிங் நடுங்குகிறது. இரண்டு தரம் பலன்ஸ் செய்தும் போகவில்லை.

பதில்: பலன்ஸ் மெஷினில் சில்லு சரி, காரில்தான் நடுவில் உட்காரவில்லை என்று நினைக்கிறேன் தங்கச்சி. வெளியில் வாங்கும் அலோய்கள் பல கார்களுக்குப் பொருந்தும்படி நடு ஓட்டையைப் பெரிதாக, 73 மில்லிமீற்றர்வரை விட்டிருப்பார்கள். உங்கள் ஹப் 56.1. அந்த இடைவெளிக்கு ஒரு வளையம் போட வேண்டும். 73.1 - 56.1 என்று கேட்டு வாங்குங்கள், ஆனால் முதலில் உங்கள் ரிம்மின் ஓட்டையை அளந்துகொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமானது நட். ஹொண்டாவின் சொந்த நட்டின் முகம் பந்து மாதிரி உருண்டையானது. வெளி அலோய்களில் அநேகமாகக் கூம்பு வடிவ இருக்கைதான். பழைய நட்டையே போட்டிருந்தால் அது மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும், இளகவும் கூடும். இதை இன்றைக்கே பாருங்கள். நடுக்கம் இதனாலும் வரலாம். டொயோட்டாவின் சொந்த அலோய் பலவற்றுக்குத் தட்டை வாஷரோடு கழுத்து நீண்ட நட் வரும், அதையும் கூம்பு இருக்கையில் போடக்கூடாது.

கேள்வி (கோண்டாவில்): மச்சானிடம் ஐந்து ஓட்டை 17 அங்குல அலோய் சும்மா கிடக்கிறது. என் டொயோட்டா அலியனும் ஐந்து ஓட்டை. பூட்டலாமா?

பதில்: பக்கத்துப் பக்கத்து ஓட்டைகள் இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 1.7 ஆல் பெருக்குங்கள். அலியன் 5x100, ஆகவே 59 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். 67 வந்தால் அது 5x114.3, பூட்ட முடியாது. பிசிடி மாற்றுகிற அடப்டர் விற்கிறார்கள். அதன் தடிப்பு 20 மில்லிமீற்றர் என்றால் ஈடியில் 20 போய்விடும். சும்மா கிடைத்த ரிம்முக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

கேள்வி (திருநெல்வேலி): 8ஜே ரிம்மில் 185/55 ஆர் 15 இழுத்துப் போட்டால் எப்படி?

பதில்: அந்த ரயருக்கு 5 முதல் 6.5 வரைதான். குழியில் அடித்தால் ரிம் வளைவது மட்டுமல்ல, ரயரின் ஓரமே கழன்று காற்றுப் போகும். செய்யாதீர்கள்.

கேள்வி (பருத்தித்துறை): தனியே ஓடும்போது ஒன்றுமில்லை. குடும்பத்தோடு போனால் பின்னால் உரசுகிற சத்தம். எங்கே உரசுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மட்காட்டின் உள் மடிப்பில் கைவைத்துப் பாருங்கள், உரசிய இடம் வழுவழுப்பாக மினுங்கும். தெரியாவிட்டால் பிள்ளைகளின் பிளாஸ்ரிசினை உருட்டி மடிப்பிலும் உட்பக்கத்திலும் ஒட்டிவிட்டு, ஆட்களை ஏற்றி மெதுவாக ஒரு சுற்று ஓடிவாருங்கள். நசிந்த இடமே பதில். மிஞ்சிய தடிப்பை அளந்தால் எத்தனை மில்லிமீற்றர் இருக்கிறது என்றும் தெரியும். முன் சில்லென்றால் ஸ்டேரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க வெட்டியும் பார்க்க வேண்டும். ஷொக் அப்சோர்பர் பக்கம் 6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் நான் வாகனத்தை விடமாட்டேன்.

கேள்வி (காரைநகர்): அலோய் மாற்றிய பிறகு பராமரிப்பு ஏதும் வேறா?

பதில்: உங்கள் பக்கம் உப்புக்காற்று. ஹப் முகத்தில் துரு பூத்திருந்தால் அதன்மேல் அலோய் நேராக உட்காராது. பூட்டமுன் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடையுங்கள். கழுத்தில் மட்டும் மெல்லிசாகக் கிறீஸ், ஸ்டட் புரியில் பூசவேண்டாம். சில்லை ஜக்கில் தூக்கியபடியே நட்டுகளை எதிரெதிராகக் கையால் ஏற்றிவிட்டு, இறக்கிய பின் அளவோடு இறுக்குங்கள். டொயோட்டா கார் என்றால் 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டா 108. உங்களுடையதற்குக் கையேட்டைப் பாருங்கள். ரயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் அடித்தால் முறுக்கு அளவிடும் ஸ்பானரால் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப ஒருமுறை. ஸ்பேசர் போட்டவர்கள் சில்லைக் கழற்றி, உள்ளே இருக்கிற நட்டுகளையும் பார்க்க வேண்டும்.