தேவைதான், எழுதிக்கொள்ளும்!

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். உள்ளூர்த் தொழில்களுக்குப் பயன்படும் குறுகிய காலப் படிப்புகளைப் பல்கலைக்கழக அளவில் தொடங்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எந்தப் படிப்புக்குத் தேவை இருக்கிறது என்று விசாரித்து அறிக்கை தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. 34 கேள்விகளுடன் ஒரு கூகுள் படிவம் தயாரித்து 200 நிறுவனங்களுக்கு அனுப்பினேன். 11 பேர் நிரப்பினார்கள். அந்தப் பதினொரு பேருமே எல்லாப் படிப்புகளுக்கும் 'மிகவும் தேவை' என்று குறித்திருக்கிறார்கள். நம் ஊர் வியாபாரிகளிடம் பயிற்சி பற்றிய விழிப்புணர்வே இல்லை என்று தோன்றுகிறது. படிவம் ஆங்கிலத்தில் இருப்பதுதான் சிக்கலா? தமிழில் மாற்றினால் போதுமா? சான்றிதழுக்கு கிரெடிட் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

அந்தப் பதினொரு பேர் மூன்று நாளாக என் கூடவே இருக்கிறார்கள். கேட்டதற்கெல்லாம் 'மிகவும் தேவை' என்று குறித்த மனிதர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய அப்பாக்களிடம் நான் படிவம் நிரப்பி வாங்கியிருக்கிறேன்.

கிரெடிட்டை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். கிரெடிட் என்பது படித்த நேரத்துக்குப் போடும் மதிப்பலகு; பதினைந்து மணி நேர வகுப்புக்கு ஒன்று என்பது உங்கள் அலுவலகக் கணக்கு. கீழரத வீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவரிடம் கிரெடிட் தருகிறோம் என்று சொன்னால், வட்டி எவ்வளவு என்று கேட்பார்.

'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் உங்களைத் திட்டப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நயினார்குளம் மார்க்கெட்டில் விடியுமுன் லாரி வந்து நிற்கும்போது விழித்திருக்கிறவருக்கு விழிப்புணர்வு இல்லை. பத்து மணிக்கு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிவம் அனுப்புகிற நமக்கு இருக்கிறது! 2017 ஜூலை முதல் தேதி ஜிஎஸ்டி வந்தது. 2023 ஆகஸ்ட் முதல் ஐந்து கோடி ரூபாய் விற்றுமுதலைத் தாண்டியவர்கள் மின் விலைப்பட்டியல் போட்டாக வேண்டும் என்றானது. பேரேட்டைத் தவிர வேறெதையும் தொட்டறியாதவர்கள் இரண்டையும் கற்றுக்கொண்டு கடை நடத்துகிறார்கள். கற்றுக்கொடுத்தது யார்? பல்கலைக்கழகமா? யாரோ ஒரு ஆடிட்டர் அலுவலகப் பையன் சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுத்திருப்பான். அவனுக்குக் காசும் கொடுத்திருப்பார்கள். அந்தக் காசு உங்கள் 34 கேள்விகளில் எந்தக் கேள்விக்குள் வருகிறது, சொல்லுங்கள்.

1990-இல் இங்கே மனோன்மணீயம் சுந்தரனார் பெயரில் பல்கலைக்கழகம் வந்தபோது டவுன் கடைத்தெருவில் பேச்சு எப்படி இருந்தது தெரியுமா? 'இனி ஒரு காகிதத்துக்கு மதுரைக்கு பஸ் ஏற வேண்டாம்.' அதுவரை எல்லாவற்றுக்கும் காமராசர் பல்கலைக்கழகத்துக்குத்தான் ஓட வேண்டும். பஸ் டிக்கெட்டும் ஒரு நாள் பொழுதும் மிச்சம் என்று அவர்கள் உடனே கணக்குப் போட்டுவிட்டார்கள். கல்வியின் விலை அவர்களுக்குப் புரியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அதற்குச் சில வருடங்கள் கழித்து நான் பி.காம். முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். சிறு வியாபாரிகளுக்குப் பயிற்சி நடத்த ஓர் அமைப்பு திட்டமிட்டது, பெயர் வேண்டாம். கடை கடையாகப் போய்ப் படிவம் நிரப்ப ஆள் எடுத்தார்கள். படிவம் ஒன்றுக்கு மூன்று ரூபாய். சித்திரை வெயிலில் ரத வீதிகள் நான்கையும் சுற்றி வந்தேன். நிர்வாகப் பயிற்சி தேவையா? தேவைதான் தம்பி, எழுதிக்கொள்ளும். தலைமைப் பண்புப் பயிற்சி? அதுவும் தேவைதான், எழுதிக்கொள்ளும். பலசரக்கு மொத்த வியாபாரி ஒருவர் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, எல்லாக் கட்டத்திலும் தன் கையாலேயே டிக் அடித்துக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நெல்லைச் சீமையே பயிற்சிக்குத் தவம் கிடக்கிறது என்று அறிக்கை போயிற்று.

முதல் நாள் வகுப்புக்கு நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் ஒலிபெருக்கி வாடகைக்காரர்.

மறுநாள் ஆத்திரத்தோடு அந்தப் பலசரக்கு அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "தேவை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" அவர் கல்லாவை மூடாமலே சொன்னார்: "வெயிலில் வந்து நின்றீர். வேண்டாம் என்று நான் எழுதியிருந்தால் உமக்கு அந்த மூன்று ரூபாய் கிடைத்திருக்குமா?"

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் காது சுடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை, அம்மா. வாசலில் வந்து நின்ற பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்தார். உங்கள் பதினொரு பேரும் ஒரு டீச்சரம்மா கேட்கிறாரே என்று மரியாதை செய்திருக்கிறார்கள். அந்த மரியாதையை நீங்கள் சதவீதம் போட்டு அறிக்கையாக்கினால் நாற்காலிக்கு வாடகை கொடுக்கத்தான் பணம் சரியாக இருக்கும். இன்னொன்று, நிரப்பாத 189 பேர் இருக்கிறார்களே, அவர்கள்தான் உங்களுக்கு உண்மையான பதில் சொன்னவர்கள்.

அந்த அண்ணாச்சி அதோடு விடவில்லை. கம்பியில் குத்தியிருந்த துண்டுச் சீட்டுகளைக் காட்டினார். விற்பனை வரி அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதித் தரும் குமாஸ்தாவுக்கு மாதாமாதம் ஒரு தொகை. வண்டு விழுந்த சிறுபயறு இரண்டு மூட்டையைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட சீட்டு ஒன்று. தராசுக்கு முத்திரை போடப் போய் அரைநாள் காத்திருந்த ஆளின் கூலி. "எனக்கு என்ன தேவை என்று எனக்கே சொல்லத் தெரியாது தம்பி. எதற்கெல்லாம் காசு போனது என்று கேளும், சொல்கிறேன்." நான் சுமந்து திரிந்த படிவத்தில் வண்டும் இல்லை, வரிக் கடிதமும் இல்லை. தலைமைப் பண்பு இருந்தது.

ஆகவே 'தேவையா?' என்ற சொல்லையே உங்கள் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வரப்போவதைக் கேட்டால் ஆசையும் மரியாதையும் பேசும். நடந்ததைக் கேளுங்கள். போன மாதம் எந்த வேலை நின்றுபோனது? யாரைக் கூப்பிட்டீர்கள்? என்ன கொடுத்தீர்கள்? கடைசியாகச் சேர்த்த ஆளுக்கு வேலை பழக எத்தனை நாள் ஆயிற்று, பழக்கியது யார்? இருபது கடையில் உட்கார்ந்து இதைக் கேட்டால் எந்தப் படிப்பு என்று தானாகத் தெரியும். தெரிந்த பிறகும் நம்பாதீர்கள். அச்சாரம் கேளுங்கள். ஐந்நூறு ரூபாய் போதும். மாடு பிடிப்பதிலிருந்து மேளம் பேசுவதுவரை நம் ஊரில் அச்சாரம் கைமாறாத பேச்சை யார் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள்?

முதலாளியையும் வேலையாளையும் ஒரே இடத்தில் நிறுத்திக் கேட்காதீர்கள். 'படிக்கவைத்தால் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விடுவான்' என்ற பயம் ஒவ்வொரு முதலாளிக்கும் உண்டு. கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1960-களிலேயே இதைக் கணக்காகச் சொன்னார்: எந்தக் கடையிலும் செல்லுபடியாகும் திறமைக்கு முதலாளி செலவு செய்யத் தயங்குவார், அந்தச் செலவு தொழிலாளி தலையில்தான் விழும். பெக்கரைப் படிக்காமலே பேட்டைத் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர் அதைத்தான் சொல்வார். அப்படியானால் கட்டணத்தைப் பற்றி நீங்கள் பேச வேண்டியது லேத் ஓட்டுகிற பையனிடம், டீக்கடையில் வைத்து.

கங்கைகொண்டானில் வருடத்துக்கு 4.3 கிகாவாட் அளவுக்குச் சோலார் தகடு செய்கிற ஆலை வந்திருக்கிறதே, அங்கே கேட்கலாமே என்று உங்கள் துறைத்தலைவர் சொல்லக்கூடும். கேளுங்கள், தவறில்லை. ஆனால் அவ்வளவு பெரிய ஆலை தன் ஆட்களைத் தானே பழக்கிக்கொள்ளும். காற்றாலைக்காரர்களிடம் போவதானால் மாதம் பார்த்துப் போங்கள். ராதாபுரம், பணகுடிப் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாசிவரை இறக்கை சுற்றுகிற காலம். அப்போது ஒரு டெக்னீஷியனை மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பச் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த 200 பெயர்களை எங்கே எடுத்தீர்கள்? சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவிலிருந்தோ மாவட்டத் தொழில் மையத்திலிருந்தோ எடுத்திருப்பீர்கள். பத்தமடையில் வீட்டுத் திண்ணையில் பாய் நெய்கிற பெண்மணி அந்தப் பட்டியலில் இருக்கிறாரா? கோரையை ஊறப்போட்டு, நூல்போலக் கிழித்து, மணமக்கள் பெயரைக் கல்யாணப் பாயில் நெய்து கொடுக்கிறவர் அவர். அவரிடம் போய் 'வடிவமைப்புப் பயிற்சி வேண்டுமா அம்மா' என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். கடைசியாக நெய்த பாய் என்ன விலைக்குப் போனது, அந்த விலையைச் சொன்னது யார் என்று கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போவார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் திரும்பி வருவார்.

ரொம்பவும் கடிந்துகொண்டுவிட்டேன். மூன்று பேர் வந்த வகுப்பை ஏற்பாடு செய்த கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால் வந்த எரிச்சல் இது. உங்கள் மேல் ஒன்றுமில்லை. ஆடி பிறக்கட்டும். கல்யாணம் இல்லாத மாதம், பாத்திரக்கடைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் டவுன் ஆர்ச் பக்கம் வந்து நில்லுங்கள், நானும் கூட வருகிறேன். அந்தப் பலசரக்குக் கடையில் இப்போது பேரன் உட்கார்ந்திருக்கிறான், செல்போன் உறை விற்கிறான். அவனிடமிருந்தே தொடங்குவோம்.

படிவத்தைத் தமிழில் மாற்றுவதா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். மாற்றுங்கள். மாற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், ஆடிக் காற்றில் தாள் கையில் நிற்காது.