வான்பறப்பியலுக்கென ஓர் இரவல் நூலகம்: கொடைப் பணத்தை எதில் போடுவது?

விமானப் பராமரிப்புப் பொறியாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றி மறைந்த தம் தந்தையார் சேர்த்துவைத்த நூல்களையும், குடும்பத்தார் அவர் நினைவாக ஒதுக்கியுள்ள ஒரு தொகையையும் கொண்டு, வான்பறப்பியல் பயிலும் மாணவர்களுக்கென ஓர் இரவல் நூலகம் தொடங்க விரும்புவதாக வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சொந்தக் கட்டடம் கட்டுவதா, ஏதேனும் ஒரு கல்லூரியிடம் ஒப்படைப்பதா, தனியார் கொடையால் இத்தகைய நூலகங்கள் பிற நாடுகளில் எவ்வாறு உருவாயின என்பவையே அவர் கேட்டிருக்கும் கேள்விகள்.

கட்டடத்தைப் பற்றி எண்ணுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் நிறுவப்போவது நூல்களைக் காத்துவைக்கும் இடமா, நூல்களை வெளியே அனுப்பும் இடமா? இரண்டும் நல்ல பணிகளே. ஆனால் அவற்றுக்குத் தேவைப்படும் பணமும் ஆட்களும் விதிகளும் வெவ்வேறானவை. இந்த வேறுபாட்டை அமெரிக்க வான்பறப்பியலின் தொடக்க காலக் கொடைகள் இரண்டு தெளிவாகக் காட்டுகின்றன.

முதலாவது குகன்ஹைம் குடும்பத்தாருடையது. சுரங்கத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய டேனியல் குகன்ஹைம், 1926-இல் 25 லட்சம் டாலரை ஒதுக்கி, வான்பறப்பியலை வளர்ப்பதற்கென ஒரு நிதியத்தை நிறுவினார். அவருடைய மகன் ஹாரி அதன் தலைவராக இருந்தார். பல்கலைக்கழகங்களில் வான்பறப்பியல் துறைகளைத் தொடங்கப் பொருளுதவி செய்த அந்நிதியம், தன் இறுதிக் கட்டத்தில் வாஷிங்டனிலுள்ள, அமெரிக்க நாடாளுமன்றத்துக்குரிய காங்கிரஸ் நூலகத்துக்கு 1,40,000 டாலர் வழங்கி, அங்கே வான்பறப்பியலுக்கென ஒரு தனிப் பிரிவு அமையக் காரணமாயிற்று. 1930-இல் தொடங்கிய அப்பிரிவுக்கு ஆல்பர்ட் சாம் என்னும் காற்றியக்கவியல் அறிஞர் தலைவரானார். பலூன் பயண முன்னோடிகளான பிரான்சின் திசாந்தியே சகோதரர்களின் சேகரிப்பு போன்ற அரிய தொகுதிகள் அப்பிரிவை வந்தடைந்தன. ஆய்வாளர்களுக்குப் பெரும்பயன் தரும் கொடை இது. ஆயினும் அந்த நூல்களைப் படிக்க வேண்டியவர் பெரும்பாலும் வாஷிங்டன் வாசக அறைக்குத்தான் போயாக வேண்டியிருந்தது.

இரண்டாவது கொடையே உங்கள் எண்ணத்துக்கு மிக அருகில் வருகிறது. ஜெர்மனியில் பிறந்து 1923-இல் அமெரிக்காவில் குடியேறிய பால் கோல்ஸ்மன், 1928-இல் மிகச் சிறு முதலீட்டில் விமானக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் காட்டும் உயரமானிகள் அதற்கு முன்பும் இருந்தன; ஆனால் தரையிறங்கும்போது நம்பத்தக்க அளவுக்கு அவை நுட்பமானவை அல்ல. கடிகாரத்துக்கு நிகரான நுணுக்கத்துடன் வெட்டப்பட்ட பற்சக்கரங்களைக் கொண்டு கோல்ஸ்மன் செய்த உயரமானி, சில அடி வேறுபாட்டையும் காட்டியது. 1929 செப்டம்பர் 24 அன்று, நியூயார்க் அருகே மிட்செல் விமானக் களத்தில், அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் தம் இருக்கையை முழுதும் மூடிக்கொண்டு, வெளியே எதையும் பாராமல், கருவிகளை மட்டுமே நம்பி மேலெழும்பிச் சுற்றிவந்து தரையிறங்கினார். அன்று அவருடைய விமானத்தில் கோல்ஸ்மனின் உயரமானி இருந்தது. அந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது குகன்ஹைம் நிதியம் என்பதைக் கவனியுங்கள். ஒரு கொடை ஒரு கருவியை உலகறியச் செய்தது. அக்கருவியால் வளம் பெற்றவர் பின்னர் தாமும் கொடையாளரானார். அழுத்த அளவைத் திருத்திவைக்க உயரமானியின் முகப்பில் அமைந்த சிறு சாளரத்தை விமானிகள் இன்றும் அவர் பெயராலேயே குறிக்கிறார்கள்.

தம் நிறுவனத்தை 1940-இல் விற்ற கோல்ஸ்மன், அதையடுத்த ஆண்டுகளில் நியூயார்க்கில் இயங்கிய வான்பறப்பியல் அறிவியல் கழகத்துக்கு நிதியளித்து, அதன் குடையின் கீழ் தம் பெயரில் ஓர் இரவல் நூலகம் அமையச் செய்தார். 1932-இல் உருவான அக்கழகத்தின் பின்னணியில் நின்றவர், 1916-இல் வான்பறப்பியல் இதழ் ஒன்றைத் தொடங்கி நடத்திய லெஸ்டர் கார்ட்னர். பழம்பொருள்களையும் ஆவணங்களையும் ஒரு புறம் காப்பகமாகச் சேர்த்துவந்த கழகத்துக்கு, இப்போது மறுபுறம் நூல்களை அஞ்சலில் அனுப்பித் திரும்பப் பெறும் ஏற்பாடும் கிடைத்தது. இரவலுக்குக் கட்டணம் இல்லை. பெருநகரத்திலிருந்து தொலைவில், ஒரு விமானக் கொட்டகையில் வேலை செய்துகொண்டே படிக்க முயலும் ஓர் இளைஞருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை, விலையுயர்ந்த தொழில்நுட்ப நூலை வாங்க முடியாமல் தவித்த எவரும் உணர்வார்கள். அதே காலத்தில் தென் கலிஃபோர்னியாவின் விமான உற்பத்தி நிறுவனங்கள் கூடிச் செலவைப் பகிர்ந்துகொண்ட பசிபிக் வான்பறப்பியல் நூலகமும் லாஸ் ஏஞ்சலீஸில் உருவாயிற்று.

கோல்ஸ்மனின் ஏற்பாட்டில் நான் பெரிதும் மதிப்பது, அவர் புதிதாக ஒரு நிறுவனத்தை எழுப்ப முயலவில்லை என்பதைத்தான். வாசகர்களை ஏற்கெனவே கொண்டிருந்த ஒரு கழகத்திடம், நூல் வெளியே போவதற்கான செலவை அவர் ஒப்படைத்தார். உங்களுக்கும் நான் பரிந்துரைப்பது இதுவே: கட்டடம் கட்ட வேண்டாம். ஒரு கல்லூரி, ஒரு தொழிற்சங்கம், ஒரு பொது நூலகம் என நிலைபெற்ற அமைப்பு ஒன்றில் இரண்டு அறைகளைக் கேட்டுப் பெறுங்கள். கொடைப் பணத்தை முழுதும் நூலகர், நூற்பட்டியல், புதிய பதிப்புகள், அஞ்சல் ஆகிய நான்குக்காக வைத்திருங்கள். கட்டடத்துக்குப் பெயர் சூட்டி மகிழும் குடும்பத்தினருக்கு இது முதலில் ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் நூலகர் இல்லாத நூலகம் சில ஆண்டுகளிலேயே பூட்டப்பட்டுவிடும்.

தமிழகத்திலும் தனியார் கொடைக்கும் வான்பறப்பியலுக்கும் தொடர்பு உண்டு. 1949-இல் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தோற்றுவித்த சி. ராஜம், அதற்காகத் தம் மாளிகையையே விற்றவர். அந்நிறுவனம் தொடக்கத்திலேயே கற்பித்த பாடங்களுள் விமானப் பொறியியலும் ஒன்று. அப்துல் கலாம் படித்ததும் அங்கேதான். எனவே உங்கள் முயற்சிக்கு இம்மண்ணிலும் முன்னோர் உண்டு.

பணத்தைப் பிரிக்கும் முறைக்கு வருவோம். கையிலுள்ள தொகையில் பாதிக்குக் குறையாமல் நிலைநிதியாக வைத்து, அதன் வட்டியிலிருந்து நூலகரின் ஊதியத்தைக் கொடுக்க முடியுமா என்று முதலில் கணக்கிடுங்கள். முழுநேர ஊதியத்துக்கு வட்டி போதாதெனில், பகுதிநேர நூலகரோடு தொடங்குங்கள். ஊதியமே இல்லாத தன்னார்வலர்களை மட்டும் நம்பித் தொடங்காதீர்கள். எஞ்சியதில் ஒரு பகுதியை முதலாண்டின் பட்டியல் பணிக்கும், மற்றொரு பகுதியைப் பல ஆண்டுகளுக்குப் பரவலாக நூல் வாங்கவும் ஒதுக்குங்கள். முதலாண்டிலேயே அலமாரியை நிரப்பிவிட்டால், நான்கு ஆண்டுகள் கழித்துப் பழைய பதிப்புகள் மட்டுமே மிஞ்சும். வாசகரும் வருவதை நிறுத்திவிடுவார். அறக்கட்டளைப் பதிவு, வருமான வரி விலக்கு ஆகியவற்றைத் தகுதியுள்ள ஒரு பட்டயக் கணக்காளரிடம் விட்டுவிடலாம். அவை வழக்கமான நடைமுறைகளே.

நூற்பட்டியலுக்கு நான் கொடுக்கும் இடம் சிலருக்கு மிகையாகத் தோன்றக்கூடும். ஆனால் இந்தத் துறையின் வரலாறு என் பக்கம் இருக்கிறது. விமானம் பறக்கத் தொடங்கிப் பத்தாண்டுகள் நிறைவதற்குள், 1910-இலேயே, வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் வான்பறப்பியல் எழுத்துகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பால் பிராக்கெட் தொகுத்த அதில் ஏறத்தாழ 13,500 பதிவுகள் இருந்தன. சிதறிக் கிடக்கும் எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது பயன்படும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்க பொது நூலகங்கள் பின்பற்றும் டூயி பகுப்பு முறை, இந்தத் துறையின் நூல்களைப் பல இடங்களில் சிதறடித்துவிடும் என்பதும் உங்கள் கவனத்துக்கு உரியது. விமானமும் அதன் பொறியியலும் 629.13-இல் அமையும், காற்றியக்கவியல் 533.6-க்கும், வானிலையியல் 551.5-க்கும், வான்வழிப் போக்குவரத்து வணிகம் 387.7-க்கும், விமானப் படை 358.4-க்கும் போய்விடும். ஒரு பெரிய நூலகத்தில் இது முறையானதே. உங்களுடையது போன்ற சிறப்பு நூலகத்தில், டூயி எண்ணைப் பட்டியலில் குறித்துக்கொண்டு, அலமாரியில் மட்டும் இறக்கை, இயந்திரம், மின்னணுக் கருவிகள், பராமரிப்பு, பறத்தல் பயிற்சி, வானிலை, சட்டமும் விதியும், வரலாறு என்று வாசகர் தேடும் வரிசையில் அடுக்குவது நல்லது. பகுப்பு முறை வாசகருக்கு உதவத்தான் இருக்கிறது.

எந்த நூல்களை இரவல் கொடுக்கலாம் என்பதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. உங்கள் தந்தையாரின் தொழில் காரணமாகவே இதை வலியுறுத்துகிறேன். பராமரிப்புப் பொறியாளர்களின் சேகரிப்பில் விமான உற்பத்தியாளர்கள் வெளியிட்ட பராமரிப்புக் கையேடுகளும் உதிரிபாகப் பட்டியல்களும் அவசியம் இருக்கும். இவை இடைவிடாமல் திருத்தப்படுபவை. நடப்புத் திருத்தம் சேராத கையேட்டைக் கொண்டு எந்த விமானத்திலும் வேலை செய்யக் கூடாது. ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற ஒரே ஓர் எண் மாறியிருந்தாலும் விளைவு உயிரிழப்பு வரை போகலாம். ஆகவே அத்தகைய கையேடு ஒவ்வொன்றின் அட்டையிலும் உள்ளேயும் “படிப்புக்கு மட்டும், பணிக்குப் பயன்படுத்தக் கூடாது” என்று முத்திரையிடுங்கள், இரவல் பகுதியில் சேர்க்காமல் அங்கேயே அமர்ந்து படிக்க வையுங்கள். சில கையேடுகள் பணியிடத்திலிருந்து வந்தவையாக, நிறுவனத்துக்கே உரியவையாக இருக்கவும் கூடும். அவற்றைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னால் உரிமையை உறுதி செய்து, தேவைப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். 1915 முதல் 1958 வரை இயங்கிய அமெரிக்க வான்பறப்பியல் ஆலோசனைக் குழுவின் ஆய்வறிக்கைகளை, அதன் வழிவந்த நாசா தன் இணையத் தொகுப்பில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. இறக்கை வடிவங்களின் தரவுகளைத் திரட்டித் தந்த 1945-ஆம் ஆண்டின் 824-ஆம் அறிக்கையும் அவற்றுள் அடங்கும். நம் நாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதித்தொகுதிகளும் இணையத்தில் உள்ளன. உங்கள் நூலகர் இவற்றுக்கு முறையான வழிகாட்டிப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தாலே போதும். மாணவர்களால் வாங்க முடியாத விலையுள்ள பாடநூல்களுக்கும், உரிமத் தேர்வுக்குரிய நூல்களுக்கும் பணம் போகட்டும். அதிகம் கேட்கப்படும் ஒரு நூலின் நான்கு படிகள், எவரும் தொடாத நான்கு நூல்களைவிட இரவல் நூலகத்துக்கு ஏற்றவை.

அரிய பொருள்களை என்ன செய்வது? பழைய விமான இதழ்களின் தொடர்வரிசை, ஒளிப்படங்கள், தந்தையார் கைப்பட எழுதிய குறிப்பேடுகள் ஆகியவற்றை இரவலில் விடக் கூடாது. உங்கள் கட்டுப்பாட்டில் நீண்ட காலம் வைத்திருக்கவும் கூடாது. சான் டியேகோ நகரின் வானூர்தி அருங்காட்சியகம் 1978 பிப்ரவரி 22 அன்று தீக்கு இரையானபோது, விமானங்களோடு அதன் நூலகமும் ஆவணங்களும் சேர்ந்தே அழிந்தன. மக்கள் மனமுவந்து அளித்த கொடைகளால் அந்த அருங்காட்சியகம் மீண்டெழுந்தது உண்மை. ஒரே படியாக இருந்த ஆவணங்கள் மீளவில்லை. எனவே அரியவற்றை மின்படி எடுத்து, மூலத்தைக் காலநிலைக் கட்டுப்பாடும் தீத்தடுப்பும் கொண்ட ஓர் ஆவணக் காப்பகத்துக்கு வழங்கிவிடுங்கள். நம் ஊரின் ஈரக்காற்றும் வெள்ளிப்பூச்சியும் தீயைவிட மெதுவாகச் செயல்படும். அவற்றாலும் தாள் அழியும்.

இரவல் விதிகளைப் பொறுத்தவரை, கெடுபிடியைவிட ஒழுங்கே முக்கியம். அடையாளச் சான்றும் கல்லூரி அல்லது பணியிடத்தின் உறுதிக் கடிதமும் பெற்றுக்கொண்டு, முன்பணம் கேட்காமல் கொடுக்கலாம். முன்பணம் கேட்டால், யாருக்காகத் தொடங்குகிறீர்களோ அவர்களே விலகிப்போவார்கள். தொழில்நுட்ப நூலை இரண்டு வாரத்தில் எவரும் படித்து முடிக்க முடியாது. ஆறு வாரம் கொடுங்கள், வேறொருவர் கேட்டிருந்தாலொழிய ஒரு முறை நீட்டியுங்கள். வெளியூர் வாசகருக்கு அனுப்பும் செலவை நூலகமும் திருப்பி அனுப்பும் செலவை வாசகரும் ஏற்பது நியாயமான பங்கீடு. ஆண்டுதோறும் சில நூல்கள் திரும்பி வராமல் போகும். அந்த இழப்பை வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒரு செலவினமாகக் காட்டிவிடுங்கள். அந்த இழப்புக்கு அஞ்சி அலமாரியைப் பூட்டிய நூலகங்களை நான் அறிவேன்.

கடைசியாக, ஏற்பு ஆவணத்தில் தவறாமல் இடம்பெற வேண்டிய ஓர் ஏற்பாடு உண்டு. கோல்ஸ்மன் நிதியளித்த கழகம் 1963-இல் அமெரிக்க ராக்கெட் கழகத்தோடு இணைந்து வேறொரு அமைப்பாக மாறியது. அது சேர்த்துவைத்த பழைய ஆவணத் தொகுதி பின்னர் காங்கிரஸ் நூலகத்துக்குச் சென்றது. எந்த அமைப்பும் பெயர் மாறலாம், இணையலாம், மூடப்படலாம். ஆகவே இடம் தரும் அமைப்போடு ஒப்பந்தம் எழுதும்போது, நூலகத்தைத் தொடர இயலாத நிலை வந்தால் நூல்களும் நிலைநிதியும் எந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும், அந்நிறுவனமும் இரவல் கொடுப்பதைத் தொடர வேண்டும் என்பவற்றைப் பெயர் குறிப்பிட்டே எழுதுங்கள். அந்த இரண்டாவது நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதலையும் இப்போதே பெற்று இணைத்துவிடுங்கள்.